சுரப்பியின் சூழ்ச்சியைத் தேடிய ஹார்வி குஷிங்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், விலங்கியல்)

முதுகெலும்பிகளின் நாளமில்லாச் சுரப்பிகளைப் பற்றிய பாடத்தில் ஒரு வரி வருகிறது. கபச் சுரப்பியின் ஏ.சி.டி.எச். என்னும் ஹார்மோன் அளவுக்கு மிஞ்சிச் சுரந்தால் குஷிங் நோய் தோன்றும் என்பதே அவ்வரி. தேர்வுக்கு அது இரண்டு மதிப்பெண். அதற்குமேல் நாம் நினைப்பதில்லை. ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னே ஒரு மனிதரின் இருபதாண்டு உழைப்பும், அவர் கண்மூடிய பின்னரும் நெடுநாள் தொடர்ந்த ஒரு தேடலும் நிற்கின்றன. அம்மனிதர் அமெரிக்க நாட்டு மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங்.

அவர் பெயர் தாங்கிய நோய் எத்தகையது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நோயாளியின் முகம் முழுநிலவு போல் உருண்டு சிவக்கும். வயிறும் பிடரியும் பருக்கும், கைகால்களோ மெலியும். வயிற்றுத் தோலில் ஊதா நிறக் கோடுகள் விழும். பெண்களாயின் மீசையும் தாடியும் அரும்பும், மாதவிலக்கு நின்றுபோகும். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறும். எலும்பு வலுவிழந்து எளிதில் முறியும். பார்ப்பவர் கண்ணுக்கு இது நோயாகவே படாது. உண்டு கொழுத்த உடம்பு என்றுதான் ஊர் சிரிக்கும். அப்படிச் சிரிக்கப்படுகிறவர் உள்ளே செத்துக்கொண்டிருப்பார். அவ்வுடம்பைக் கண்டு நகையாமல், இதற்குள் ஏதோ ஒரு சுரப்பி வரம்பு மீறுகிறது என்று ஐயுற்றவர் குஷிங்.

அவர் 1869ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 8ஆம் நாள் ஓகையோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகரில் பிறந்தார். பத்துக் குழந்தைகளில் கடைக்குட்டி. தந்தை மருத்துவர், பாட்டனார் மருத்துவர், பாட்டனாரின் தந்தையும் மருத்துவர். வீட்டிலேயே முதலாவதாகக் கல்லூரி வாயிலை மிதிக்கும் நம்மில் பலருக்கு இது வேறோர் உலகம்போல் தோன்றும். ஏல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற நாள்களில் அவருக்குப் படிப்பைவிடப் பந்தாட்டத்தில்தான் பெயர். 1891இல் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

அங்கே நடந்த ஒரு நிகழ்ச்சி அவர் வாழ்வின் போக்கையே மாற்றிற்று. அந்நாளில் அறுவைக்கு முன் நோயாளிக்கு ஈதர் ஆவி கொடுத்து மயக்குவது மாணவர் வேலை. முறையாகக் கற்பிப்பாரும் இல்லை. குஷிங்கை ஒருநாள் அவ்வேலைக்கு அழைத்தார்கள். அவர் ஈதர் கொடுத்த நோயாளி அறுவைக் கூடத்திலேயே இறந்துபோனார். இத்தகைய சாவு அக்காலத்தில் புதிதன்று. பெரிய மருத்துவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குஷிங்கால் அப்படி இருக்க முடியவில்லை. மருத்துவப் படிப்பையே விட்டுவிடலாமா என்று எண்ணினார். விடவில்லை. கோட்மன் என்ற உடன்மாணவரும் அவரும், யார் நன்றாக மயக்க மருந்து கொடுக்கிறார்கள் என்று ஒரு விருந்தைப் பந்தயம் வைத்துக்கொண்டார்கள். நாடித் துடிப்பையும் மூச்சையும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு தாளில் குறித்து வந்தார்கள். இன்று உலகெங்கும் அறுவைக் கூடங்களில் எழுதப்படும் மயக்க மருந்துக் குறிப்பேட்டுக்கு மூலம் அந்தத் தாள்தான். விளையாட்டுப்போல் தொடங்கிய வேலை எத்தனை உயிரைக் காத்தது!

1895இல் மருத்துவப் பட்டம் பெற்றவர், அடுத்த ஆண்டு பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவரிடம் பணியேற்றார். விரைவாக அறுப்பதே திறமை எனக் கருதப்பட்ட காலத்தில், மெல்ல அறுத்து, குருதி சிந்தாமல், திசுக்களை நோகடிக்காமல் கையாள வேண்டும் என்று கற்பித்தவர் ஹால்ஸ்டெட். அந்தப் பாடம் குஷிங்கின் விரல்களில் ஊறியது. 1900இல் ஐரோப்பா சென்று, பெர்ன் நகரில் கோக்கரிடமும் லிவர்ப்பூலில் ஷெரிங்டனிடமும் பணிபுரிந்தார். திரும்பும்போது இத்தாலியின் பவியா நகரில் ரிவா-ரோச்சி அமைத்த இரத்த அழுத்தமானியைக் கண்டு, அதை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார். இன்று மருத்துவமனையில் கையில் பட்டை கட்டிக் காற்றடிக்கிறார்களே, அக்கருவியின் மூதாதை அது.

பிறகு அவர் மூளையைத் தம் துறையாக எடுத்துக்கொண்டார். மண்டை ஓட்டைத் திறந்தால் நோயாளி பிழைப்பது அரிது என்று பலரும் கைவிட்டிருந்த துறை அது. மூளை அறுவைக்கென்றே ஒரு தனித் தொழில் உண்டா என்று கேட்டவர்களும் இருந்தார்கள். 1911இல் இரத்தக் குழாய்களை அடைக்கச் சிறு வெள்ளிக் கவ்விகளை அமைத்தார். 1926ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், போவி என்ற இயற்பியலார் செய்த மின் கருவியால் இரத்தக் கசிவை நிறுத்தி ஓர் அறுவையை முடித்தார். 1931ஆம் ஆண்டு ஏப்ரலில் அவர் அறுத்த மூளைக்கட்டிகளின் எண்ணிக்கை 2000 ஆயிற்று. அவர் கையில் இறப்போர் தொகை நூற்றுக்குப் பத்துக்கும் கீழே இறங்கியிருந்தது.

இவ்வளவிலும் அவர் மனத்தை விடாமல் பிடித்திருந்தது ஒரு சிறு சுரப்பி. மூளையின் அடியில், எலும்புக் குழி ஒன்றில், அவரைவிதை அளவில் தொங்கும் கபச் சுரப்பி. அதன் வேலை என்ன என்பதே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெளிவாகத் தெரியாது. குஷிங்கும் அவர் குழுவினரும் நாய்களில் அச்சுரப்பியை நீக்கிப் பார்த்து 1910இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பின்னர் நோயாளிகளின் மேலுதட்டின் அடியில் கீறி, மூக்கின் உட்புறம் வழியாகக் கபச் சுரப்பியை எட்டும் முறையைச் செம்மைப்படுத்தினார். 1910க்கும் 1925க்கும் இடையில் 231 கபச் சுரப்பிக் கட்டிகளை இவ்வாறு அறுத்தார்; இறந்தவர்கள் நூற்றுக்கு 5.6 பேர். எதிர்நுண்ணுயிர் மருந்தே இல்லாத காலத்தில் இது நம்புதற்கரிய செயல்.

1912இல் கபச் சுரப்பியும் அதன் கோளாறுகளும் பற்றிய அவருடைய பெருநூல் வெளிவந்தது. சுரப்பி மிகையாய்ச் சுரந்தால் ஒருவகை நோய், குறைவாய்ச் சுரந்தால் மற்றொரு வகை என்று அதில் வகுத்தார். அந்நூலில் வரும் நோயாளிகளில் ஒருத்தி 23 வயதுப் பெண். 1910ஆம் ஆண்டின் இறுதியில் அவரிடம் வந்தவள். குள்ளமான உடம்பு, உருண்ட முகம், பருத்த வயிறு, ஊதா நிறக் கோடுகள், முகத்தில் மயிர், ஓயாத தலைவலி. மாதவிலக்கு நின்று ஆண்டுகள் ஆகியிருந்தன. குஷிங் அவளை அணுஅணுவாக ஆராய்ந்தார். கபச் சுரப்பியா, அண்ணீரகச் சுரப்பியா, வேறொன்றா, குற்றவாளி எது என்று அவரால் துணிய முடியவில்லை. அதனால் பல சுரப்பிகளின் நோய்க்குறித் தொகுதி என்று பொதுப்பெயர் கொடுத்து நிறுத்திக்கொண்டார். தெரிந்ததற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்காத அந்தப் பெயரை நான் மிகவும் மதிக்கிறேன். பெருநூல் எழுதும் புகழ்பெற்ற ஒருவர், ஏதேனும் ஒரு சுரப்பியின் மேல் பழியைப் போட்டுவிட்டு மேலே போயிருக்கலாம்.

1912இல் பாஸ்டன் நகருக்கு மாறி, ஹார்வர்டின் அறுவைப் பேராசிரியராகவும் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையின் தலைமை அறுவை மருத்துவராகவும் விளங்கினார். முதல் உலகப் போர் வந்தது. பிரான்சுப் போர்முனையில் வீரர்களின் தலையில் பாய்ந்த குண்டுத் துணுக்குகளைக் காந்தத்தால் இழுத்தெடுத்தார். பால்டிமோரில் அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரராகவும் தந்தை போலவும் இருந்தவர் வில்லியம் ஆஸ்லர். அந்த ஆஸ்லரின் ஒரே மகன் 1917ஆம் ஆண்டு ஆகஸ்டில் குண்டடிபட்டுக் கிடந்தபோது, செய்தி கேட்டு விரைந்து சென்றவர்களில் குஷிங்கும் ஒருவர். இளைஞன் பிழைக்கவில்லை. அடுத்த ஆண்டு குஷிங்கையே நரம்பு நோய் ஒன்று தாக்கி, கைகால்கள் மரத்துப்போயின. அறுவை மருத்துவருக்கு விரல் மரத்துப்போவதைவிடக் கொடுமை உண்டா? மெல்லத் தேறி எழுந்தார். ஆனால் கால்களின் நலம் முழுதும் திரும்பவில்லை.

ஆஸ்லர் 1919இல் மறைந்ததும் அவருடைய வரலாற்றை இரண்டு பெருந்தொகுதிகளாக எழுதினார். அது 1926இல் புலிட்சர் பரிசு பெற்றது. அதே ஆண்டு ஜூனில் ஏல் பல்கலைக்கழக மாணவனான அவருடைய மூத்த மகன் கார் விபத்தில் இறந்தான். செய்தி வந்த அன்றும், மேசையில் காத்திருந்த நோயாளிக்கு அறுவையைச் செய்து முடித்த பின்னரே அவர் வெளியேறினார். இதைக் கடமை என்று புகழ்வோர் உண்டு. எனக்கு அது அச்சத்தையே தருகிறது. உதவியாளர்களிடம் கடுஞ்சொல் பேசுவார், பிறர் தவற்றைப் பொறுக்கமாட்டார், வீட்டில் தங்கும் நேரம் குறைவு என்றெல்லாம் அவரைப் பற்றிச் சொல்லப்படுவது மெய்யே.

ஆயினும் நோயாளியை அவர் விட்டுவிட்டதில்லை. ஒவ்வோர் அறுவையையும் தம் கையாலேயே படம் வரைந்து வைப்பார். வீடு திரும்பியவர்கள் ஆண்டுதோறும் தம் நிலையைக் கடிதமாக எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்வார். இறந்தவரின் உடலை ஆராயாமல் விடமாட்டார். வெட்டியெடுத்த கட்டிகள், மூளைகள், நிழற்படங்கள், குறிப்புகள் எல்லாம் எண்ணிட்டுச் சேர்க்கப்பட்டன. இப்பெரும் பதிவேட்டைக் கட்டிக்காத்தவர் லூயிஸ் ஐசன்ஹார்ட் என்ற பெண்மணி. 1915இல் எழுத்து வேலைக்கு உதவியாளராகச் சேர்ந்தவர். பிறகு மருத்துவம் படித்துத் திரும்பி வந்து, மூளைக்கட்டிகளை நுண்ணோக்கியில் இனங்காண்பதில் அவருக்கு நிகரில்லை என்னும் பெயர் எடுத்தார். குஷிங்கின் பெயரால் 1932இல் தொடங்கப்பட்ட மருத்துவர் சங்கத்துக்குப் பின்னாளில் தலைவரும் ஆனார். அவரைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம்.

அந்தப் பதிவேடுதான் இருபதாண்டு கழித்து விடைக்கு வழி காட்டிற்று. அதே 1932இல், ஓய்வு பெறும் தறுவாயில், தம்மிடம் வந்தோரும் பிற மருத்துவர் கண்டோருமாக 12 நோயாளிகளின் வரலாற்றைத் தொகுத்துக் குஷிங் ஒரு கட்டுரை வெளியிட்டார். எல்லோரும் அதே நிலவு முகத்தினர். இறந்தவர்களில் சிலரின் கபச் சுரப்பியில் பேசோஃபில் என்னும் உயிரணுக்களாலான மிகச் சிறு கட்டி காணப்பட்டது. கடுகளவுக் கட்டி ஓர் உடம்பையே உருக்குலைக்கக்கூடும் என்று அவர் வாதிட்டார்.

எதிர்ப்பு வராமலா இருக்கும்? நலமாய் வாழ்ந்து வேறு காரணத்தால் இறந்தவர்களின் கபச் சுரப்பியிலும் இத்தகைய சிறு கட்டிகள் உண்டே என்றார்கள் சிலர். 1936இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஆயிரம் சுரப்பிகளை அறுத்துப் பார்த்ததில், ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கில் சிறு கட்டி இருந்தது. இன்னொரு புறம், கபச் சுரப்பி பழுதில்லாமல் இருக்க, அண்ணீரகச் சுரப்பியின் கட்டியால் இதே நோய் வந்தவர்களும் இருந்தார்கள். இரு கேள்விகளுமே நியாயமானவை. அவற்றுக்கு விடை சொல்ல வேண்டுமானால் இரத்தத்தில் ஓடும் ஹார்மோனைப் பிரித்து அளக்க வேண்டும். அதற்கான வழி அன்று எவரிடமும் இல்லை.

இங்கேதான் வரலாறு ஒரு வேடிக்கை செய்தது. குஷிங்கின் கட்டுரைக்கு நான்காண்டுகளுக்கு முன்பே, 1928இல், பிரவுன் என்ற ஆங்கில மருத்துவர் லான்செட் இதழில் ஒரு நோயாளியின் வரலாற்றை எழுதியிருந்தார். முகத்தில் தாடி வளர்ந்து நீரிழிவும் கண்ட ஒரு பெண். இறந்தபின் ஆராய்ந்ததில் அண்ணீரகச் சுரப்பிகள் பருத்திருந்தன. நுரையீரலில் ஓட்ஸ் தானியம் போன்ற சிறு உயிரணுக்களாலான புற்றுநோய் இருந்தது. மூச்சுவாங்கும் நுரையீரல் எங்கே, அண்ணீரகம் எங்கே? இரண்டையும் முடிச்சுப்போட எவருக்கும் தோன்றவில்லை. குஷிங் மறைவதற்கு ஓராண்டு முன், 1938இல், ஆஸ்திரிய நோய்க்கூறியல் அறிஞர் ஃபெயர்ட்டர் இன்னொன்று சொன்னார். சுரப்பி என்றால் திரண்ட உறுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உடலுறுப்புகளின் உள்தோலில் ஒற்றை ஒற்றையாய்ச் சிதறிக் கிடக்கும் உயிரணுக்களும் சுரப்பி வேலை செய்யும் என்பது அவர் கருத்து. நுரையீரலின் மூச்சுக் குழல்களிலும் அத்தகைய உயிரணுக்கள் உள்ளன. நரம்பின் இயல்பும் சுரப்பியின் இயல்பும் கலந்திருப்பதால் அவற்றை நரம்புச் சுரப்பி உயிரணுக்கள் என்கிறோம்.

முடிச்சு அவிழ்ந்தது 1962இல். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் லிடில், மீடர் முதலியோர், குஷிங் நோய்க்குறிகளோடு இறந்தவர்களின் புற்றுக்கட்டிகளை அரைத்துச் சாறெடுத்துச் சோதித்தார்கள். கபச் சுரப்பியில் மட்டுமே பிறப்பதாக எண்ணப்பட்ட ஏ.சி.டி.எச். அக்கட்டிகளில் இருந்தது. அந்நோயாளிகளின் கபச் சுரப்பியிலோ அது குறைந்துபோயிருந்தது.

ஏன் குறைய வேண்டும் என்பது நாம் படித்த பாடத்தாலேயே விளங்கும். கபச் சுரப்பி ஏ.சி.டி.எச். அனுப்புகிறது, அண்ணீரகம் கார்ட்டிசால் சுரக்கிறது, கார்ட்டிசால் மிகுந்ததும் கபச் சுரப்பி வாய் மூடிக்கொள்கிறது. நுரையீரல் கட்டிக்கு இந்த ஒழுங்கு இல்லை. கார்ட்டிசால் எவ்வளவு ஏறினாலும் அது ஏ.சி.டி.எச்.சைக் கொட்டிக்கொண்டே இருக்கும். உண்மையான கபச் சுரப்பி, தன் வேலையைப் பிறர் செய்வது கண்டு ஓய்ந்து கிடக்கும். ஏ.சி.டி.எச். ஆக்குவதற்கான மரபணு நம் உடலின் எல்லா உயிரணுக்களிலும் உண்டு. மற்ற இடங்களில் அது பெரும்பாலும் பூட்டிக் கிடக்கிறது. இக்கட்டிகளில் பூட்டுத் திறந்துகொள்கிறது.

நுரையீரலின் இத்தகைய கட்டிகளுள் இரண்டு முகம் கொண்டவை உண்டு. ஒன்று சிற்றணுப் புற்றுநோய். பெரும்பாலும் புகைபிடிப்போர்க்கு வருவது. மிக விரைந்து பரவுவது. இதில் நிலவு முகம் தோன்றக்கூட நேரம் இருப்பதில்லை. உடல் மெலிகிறது, தோல் கறுக்கிறது, இரத்தத்தில் பொட்டாசியம் சரிகிறது, தசைகள் துவண்டுபோகின்றன. மற்றொன்று கார்சினாய்டு, மெல்ல வளர்வது, சில மில்லிமீட்டர் அளவிலேயே ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருக்கும். இதில்தான் குஷிங் வரைந்த உருவம் அச்சுப் பிசகாமல் வருகிறது. இதைக் கண்டுபிடித்து வெட்டியெடுத்துவிட்டால் பெரும்பாலோர் குணமடைவார்கள். கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. டெக்ஸாமெத்தசோன் என்ற மருந்தை மிகுதியாகக் கொடுத்தால் கபச் சுரப்பிக் கட்டி அடங்கும், வேறிடத்துக் கட்டி அடங்காது என்பது 1960இல் லிடில் வகுத்த சோதனையின் அடிப்படை. நுரையீரல் கார்சினாய்டுகளில் சில, கபச் சுரப்பிபோலவே நடித்து அடங்கிக் காட்டுகின்றன. அதை நம்பித் தலையில் கத்தி வைத்தால், குற்றமற்ற சுரப்பி அறுபடும். குற்றவாளி நெஞ்சுக்குள் இருப்பான். ஆகவே இன்று கபச் சுரப்பியிலிருந்து வடியும் சிரைகளிலேயே குழாய் செலுத்தி, இரத்தமெடுத்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

ஏ.சி.டி.எச். ஒன்றோடு இக்கதை நின்றுவிடவுமில்லை. சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன் மிகுந்து இரத்தத்தில் சோடியம் குறைந்துபோவதை, 1957இல் சுவார்ட்சும் பார்ட்டரும் இரண்டு நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் விவரித்திருந்தார்கள்.

குஷிங் இவை எதையும் அறியாமல் போனார். கபச் சுரப்பி ஒன்றே மூலம் என்ற அளவில் அவர் விளக்கம் குறையுடையது. ஆனால் கார்ட்டிசால் மிகையால் வரும் இந்நோயில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கபச் சுரப்பிக் கட்டியே காரணம் என்பது பின்னர் உறுதியாயிற்று. அதை மட்டும் குஷிங் நோய் என்றும், எவ்விடத்துக் கோளாறால் வந்தாலும் அத்தோற்றத்தைக் குஷிங் நோய்க்குறித் தொகுதி என்றும் மருத்துவர்கள் பிரித்து வழங்குகிறார்கள். நுரையீரல் கட்டியால் வருவதற்கும் அவர் பெயரே நின்றுவிட்டது.

ஹார்வர்டில் ஓய்வு பெற்றபின் 1933இல் ஏல் பல்கலைக்கழகத்துக்கே பேராசிரியராகத் திரும்பினார். சிகரெட்டை அவர் விட்டாரில்லை. பிறர் உடம்பை அவ்வளவு கூர்ந்து பார்த்தவர் தம் உடம்புக்குச் செய்த கேடு அது. கால்களின் இரத்தக் குழாய்கள் அடைபட்டு நடையே துன்பமாயிற்று. 1939ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள் நெஞ்சடைப்பால் காலமானார். அவருடைய உடலையும் ஆராய்ந்தார்கள். அவர் மூளையிலேயே ஒரு சிறு நீர்க்கட்டி இருந்தது. வாழ்நாளில் அது அவருக்குத் தொல்லை தரவில்லை.

அவர் சேர்த்த நூல்கள் பல்கலைக்கழகத்துக்குப் போயின. நூற்றுக்கணக்கான கண்ணாடிச் சாடிகளில் இருந்த மூளைகளும் கட்டிகளும் காலப்போக்கில் மருத்துவ மாணவர் விடுதியின் நிலவறையில் தூசி படிந்து கிடந்தன. இரவில் இரகசியமாய் இறங்கிப் பார்த்துவரும் மாணவர்களுக்கு மட்டும் அவை தெரியும். 1990களில் அம்மாணவர்களில் ஒருவர் அவற்றை ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொள்ள, துடைத்துச் செப்பனிடும் வேலை தொடங்கி, 2010இல் நூலகத்தில் தனிக்கூடம் அமைத்து வைத்தார்கள்.

1910இல் வந்த அந்தப் பெண்ணின் சுரப்பி அச்சாடிகளில் சேரவில்லை. 1932ஆம் ஆண்டுக் கட்டுரையின் முதல் நோயாளி அவளே. அக்கட்டுரை அச்சேறியபோது, தலைவலியோடு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும், அவள் உயிரோடு இருந்தாள். அவள் தலைக்குள் அந்தக் கடுகளவுக் கட்டி இருந்ததா என்பதைக் குஷிங் தம் கண்ணால் ஒருநாளும் காணவில்லை.